பினாயில் பெட்டியில் சாரைக்குட்டி

நம் வயதுக்காரர்கள் வீடுகளில் ஒரு தினக்காலண்டர் தொங்கியிருக்கும். எங்கள் வீட்டில் காலையில் தாளைக் கிழிப்பது என் வேலை. கிழித்த தாளை யாரையும் எறிய விடமாட்டேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அன்றன்று நடந்ததை அதில் பென்சிலால் எழுதி பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைப்பேன். வருஷக்கணக்கில் சேர்ந்தவை. வீடு மாறும்போது கொஞ்சம், வெள்ளம் வந்தபோது மீதி என்று எல்லாம் போய், பன்னிரண்டு தாள் மட்டும் தங்கியிருக்கிறது. பன்னிரண்டும் ஒரே அக்டோபர் மாதத்தவை, ஒரே பாம்பைப் பற்றியவை.

வருஷம் அச்சிட்ட மூலை எல்லாத் தாளிலும் செல்லரித்துவிட்டது. எழுபத்தொன்று என்பது என் கணிப்பு. நாங்கள் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வாடகை வீட்டுக்குக் குடிவந்தபோது, மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கள் கதவில் எழுதிய செங்காவி எண் இன்னும் பளிச்சென்று இருந்தது. குடிவந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அம்மா அரிசி டின்னை வைத்த இடம் மறந்து தேடிக்கொண்டே இருப்பார். சுவிட்ச் இல்லாத சுவரில் கை வைத்துத் தடவுவார். ஒரு டிரங்குப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. எனக்கும் அந்த வீட்டில் உட்கார இடம் அகப்படவில்லை. பின்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி போனால் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். தினம் எத்தனை முறை போனாலும் நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்ப்போம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கெட்டிக்காரி. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே எந்த இடம் வருகிறது என்று சொல்லிவிடுவேன். காசிமேட்டில் கருவாடு, தண்டையார்பேட்டையில் பெட்ரோல் நெடி, எங்கள் பக்கம் வந்ததும் தீப்பெட்டித் தொழிற்சாலையின் தீக்குச்சி மருந்து. "அப்படியே அவங்க நைனா மூக்கு" என்பார்கள் உறவுக்காரர்கள்.

நைனாவின் மூக்கு அப்படிப் பேர்போனது. துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகளில் வண்டுக்கு மருந்து வைக்கும் ஒரு காண்ட்ராக்டரிடம் அவருக்கு வேலை. மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி உள்ளே மாத்திரை வைப்பார்கள். சில நாள் கழித்துப் பாயைப் பிரித்ததும் முதலில் தலையை உள்ளே நீட்டுகிறவர் நைனா. அந்த மருந்துப் புகை அழுகின பூண்டு மாதிரி நாறும். துளி நாற்றம் இருந்தாலும் மூட்டை தூக்குகிறவர்கள் உள்ளே போகக் கூடாது, உயிருக்கு ஆபத்து. நைனா மோந்து பார்த்து "போ" என்றால்தான் போவார்கள். கிடங்கில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "மூக்கு" என்றுதான்.

அந்தத் தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி எங்கள் பக்கத்துப் போர்ஷனில் இருந்தார். எங்களுக்கு இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். நான் அவரை மேஸ்திரி மாமா என்பேன். அவரும் நைனாவும் ஒருவரை ஒருவர் "மாமு" என்பார்கள்.

அக்டோபரின் முதல் சனிக்கிழமை. முதல் தாள். நைனா சாப்பாட்டுப் பையின் வாயைச் சணல் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தார். பை தானாக ஆடியது. மடித்துப் போட்டிருந்த தார்ப்பாய்க்குள் இருந்ததாம். ஆட்கள் அடிக்கப் போனபோது தடுத்து எடுத்து வந்திருக்கிறார்.

"வூட்டுல எலி பேஜாரு தாங்கலன்னு சொன்னியே. தோ, சாரை."

அம்மா பைக்குள் எட்டிப் பார்த்தார். என் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றரை நீளம் இருக்கும். என் சுண்டுவிரலைவிட ஒல்லி. கண் மட்டும் பெரிசு.

"இது எலி புடிக்குமாயா? மொதல்ல இத்த எலி தின்னாம பாத்துக்கோ."

"வளரும். வளந்தா தெருவுக்கே காவலு."

ஒரு டீத்தூள் பெட்டியின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடி பொருத்தினார். மேலே கொசுவலைக் கம்பி. உள்ளே மடித்த கோணிச் சாக்கு, ஒரு தகர மூடியில் தண்ணீர். பையைக் கவிழ்த்ததும் அது மூலையில் சுருண்டு, கழுத்தை அப்பளம் மாதிரித் தட்டையாக்கி, நாங்கள் மூச்சு விட்டாலும் கண்ணாடியில் வந்து மோதியது. மேஸ்திரி மாமா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மாமு, நல்ல பாம்பு மாமு அது. படம் எடுக்குது பாரு."

"படமும் இல்ல கிடமும் இல்ல. பயத்துல கழுத்த உப்பிக் காட்டுது. உள்ள வா."

"நான் இங்கியே கீறேன். காத்து நல்லா வருது."

அம்மாவுக்கு வேறு கவலை. அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சுரூபத்தை ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்து ஜெபம் சொல்வார்கள். யார் வீட்டுக்கு என்றைக்கு என்று கோயில் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. புதுசாக வந்த எங்களுக்கு இரண்டாம் புதன் விழுந்திருந்தது. அம்மா அந்தத் தெருவில் முதல் தடவையாக நாலு பேரை வீட்டுக்குள் கூப்பிடப் போகிறார்.

"மாதா காலுக்கு அடியில இன்னா கீது, சொல்லு. அதே பாம்ப நாம ஊட்டி வளத்துகினு கீறோம். பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க?"

நைனா யோசித்தார். "மாதா வர அன்னிக்கு பன்னெண்டாம் நாளு. அதுக்குள்ள இது தின்னா வூட்டுல இருக்கும். திங்கலன்னா எப்படியும் சாவப்போவுது. புளியந்தோப்பு தோல் மண்டியில குடுத்துடறேன்."

பாம்புத் தோலை உரித்து உப்புப் போட்டு ஏற்றுமதிக்கு அனுப்பும் மண்டிகள் அப்போது உண்டு. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு கைவண்டியில் தோல்களைச் சுருட்டி அடுக்கிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். நைனா கோபத்தில் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது. முதல் தாளின் அடியில் பன்னிரண்டு கட்டம் போட்டுவைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் நைனா எனக்குப் பெட்டி கழுவும் முறையைக் காட்டினார். பாம்பைத் துணியால் மூடி வாளிக்கு மாற்ற வேண்டும். தண்ணீரில் பினாயில் ஊற்றினால் பால் மாதிரி வெள்ளையாகும். அதில் பெட்டியைத் தேய்க்க வேண்டும், சாக்கைத் துவைக்க வேண்டும். அவர் ஊற்றிய அளவைப் பார்த்து அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. நைனா பெட்டிக்குள் தலையை விட்டு இழுத்து மூச்சு வாங்கி, "பத்தல" என்று இன்னும் ஒரு மூடி ஊற்றினார்.

"கிடங்குல ஒரு நாள் கழுவாம வுட்டா பூச்சி வந்துடும். சுத்தம் கீதா, சீக்கு வராது. தினம் சாயங்காலம் ஸ்கூல்லர்ந்து வந்து நீ பண்ணு. நான் வந்து பாப்பேன்."

பண்ணினேன். மூன்றாம் தாள்: கண்ணாடியில் ஒன்பது முறை மோதியது. நான்காம் தாள்: பதினான்கு. தெருப் பிள்ளைகள் வந்து கண்ணாடியைத் தட்டியது தனி. சாக்கடை ஓரத்தில் பிடித்த சின்னத் தேரையை உள்ளே விட்டேன். பாம்பு அதைப் பார்த்தே பயந்து வாலை அடித்துக்கொண்டது. தேரை இரவெல்லாம் தண்ணீர் மூடியில் உட்கார்ந்திருந்து, காலையில் நலமாக வெளியே போனது. பாம்பின் மூக்கு நுனி தோல் உரிந்து சிவந்திருந்தது. என் பழைய பாவாடைத் துணியைக் கண்ணாடிமேல் தொங்கவிட்டேன்.

ஐந்தாம் நாள் புதன், மழை. கப்பல் ஒன்று வந்துவிட்டதால் நைனா இரண்டு ஷிஃப்டும் சேர்த்துப் பார்த்தார், வீட்டுக்கு வரவில்லை. பார்க்க ஆள் இல்லை என்று நானும் கழுவவில்லை. சோம்பல், வேறொன்றுமில்லை. ஆறு மணி வாக்கில் துணியை விலக்கிப் பார்த்தேன். பாம்பு சாக்கு மடிப்பிலிருந்து பாதி உடம்பை வெளியே விட்டு, நாக்கை நீட்டி நீட்டிச் சாக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு தகர மூடியில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்தது. தாடை அசைந்தது தெரிந்தது. மோதியது: இல்லை.

ஆறாம் நாள் வழக்கப்படி கழுவினேன். மோதியது: பதினொன்று.

ஏழாம் நாள் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாம்பு நாக்கால்தான் மோந்து பார்க்கும் என்பதெல்லாம் பின்னால் புத்தகங்களில் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கழுவாத அன்றைக்கு அது அதே பெட்டியில் இருந்தது. கழுவின அன்றெல்லாம் அதற்கு அது வேறு பெட்டி. தினம் ஒரு புது வீட்டில் விட்டால் யார்தான் சாப்பிடுவார்கள். புது வீட்டைப் பற்றி எனக்கு அப்போது கொஞ்சம் தெரிந்திருந்தது.

நைனாவிடம் சொன்னேன். தாள்களையும் காட்டினேன்.

"பினாயில் வாணாம் நைனா. அத்தனாலதான் பயப்படுது."

"பாம்புக்கு இன்னா தெரியும் வாசன? நான் எத்தினி வருஷமா மருந்துல கீறேன். கலீஜா வுட்டா செத்துடும். கழுவு."

எட்டாம் நாள் சனி. அம்மா சோற்றுக்கு அரிசி களைந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு பேசினில் என் முன்னால் வைத்தார். வெள்ளையாக, பினாயில் தண்ணீர் மாதிரியே இருந்தது.

"சாக்க எடுக்காத. வெளிப்பக்கம் மட்டும் இத்தால தொடச்சிட்டு, பேசினை அங்கியே வை. நைனா பாக்கட்டும்."

"வாசன வராதே. கண்டுபுடிச்சிடுவாரும்மா."

"மாட்டாரு."

எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறார் என்று கேட்டேன். அம்மா உலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் நைனா வந்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். குனிந்தார், பேசினைப் பார்த்தார், பெட்டிமேல் மூக்கை வைத்து நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ம். இப்பதான் நெடி சரியா கீது" என்றார்.

தப்பித்தேன் என்ற சந்தோஷம் வரவில்லை. அன்று எழுதிய தாளில் பாம்பைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. மீதி எல்லாம் நைனா. சாப்பிட உட்காரும்போது மூடியைத் திறந்த பிறகும் "இன்னா கொழம்பு?" என்று கேட்பார். அடுப்பில் பால் தீய்ந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார். ராயபுரத்தில் ஒருநாள் கெட்டுப்போன மீனை வாங்கிவந்ததற்கு அம்மா சண்டை போடவே இல்லை. மூலையில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன், அம்மாவிடம் கேட்கவில்லை. ஞாயிறும் திங்களும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சொன்னால் பாம்பு போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று முழுசாக யோசிக்க அந்த வயதுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவரும் பாதிதான் யோசித்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

பாம்பு நாளுக்கு நாள் அடங்கியது. ஒன்பதாம் நாள் மோதியது இரண்டு, பத்தாம் நாள் இல்லை. பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை, மாதாவுக்குக் காகிதப் பூ ஒட்டும் வேலையில் பேசினை மாற்ற மறந்துவிட்டேன். திங்கட்கிழமைத் தண்ணீரே புதன்வரை கிடந்தது. ஆனால் செவ்வாய் சாயங்காலம் உள்ளே விட்ட தேரை, நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் பாதி மறைந்திருந்தது. பின்னங்கால் இரண்டும் பாம்பின் வாயிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அம்மாவைக் கூப்பிட்டேன். கோதுமை மாவுக் கையோடு வந்து பார்த்துவிட்டு, "ஒரு வழியா குடித்தனம் வந்துட்டா" என்றார்.

பன்னிரண்டாம் நாள். ஆறரை மணிக்கு மாதா வந்தார். முன்னறை கொள்ளாமல் ஆட்கள். அம்மா பிரிக்காமல் வைத்திருந்த டிரங்குப் பெட்டியின்மேல் வெள்ளைத் துணி விரித்து சுரூபத்தை வைத்தார்கள். பாம்புப் பெட்டி பின்கட்டு வழியில், பாவாடைத் துணி மூடி. ஜெபமாலை பாதியில் இருக்கும்போது மேஸ்திரி மாமா பொரி கடலை வாங்க மெதுவாக உள்ளே வந்தார். அவர் எங்கள் மதமில்லை, ஆனால் எல்லா வீட்டுப் பொரிக்கும் வருவார். நைனா அவரைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார். பெருமை தாங்கவில்லை.

"தின்னுடுச்சி மாமு. முழுத் தேரை. எல்லாம் பினாயிலு. தினம் சுத்தம் பண்ணா எந்த சீவனும் அடங்கும்."

மேஸ்திரி மாமா தைரியம் வந்து குனிந்தார். உடனே முகத்தைச் சுளித்தார்.

"பினாயிலா? இன்னா மாமு, புளிச்ச கஞ்சி வாடை குடலப் புடுங்குது."

"டமாசு பண்ணாத." நைனா குனிந்து மோந்தார். "நெடி ஏறுதே."

மாமா சிரித்துக்கொண்டே பேசினில் விரலை நனைத்தார். முதலில் தன் மூக்கில், பிறகு நைனாவின் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"அரிசி களைஞ்ச தண்ணி. ரெண்டு மூணு நாளு ஆனது. ஒன்னியும் தெர்ல?"

விரல் அங்கேயே இருந்தது. மாமாவின் சிரிப்பு நின்றதை நான் பார்த்தேன். முன்னறையில் ஜெபமாலையின் அடுத்த மணிக்கு எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் எழுந்து வந்து வழியில் நின்றார்.

"எத்தினி நாளா மாமு?"

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் சொன்னார். "ரெண்டு வருஷம் இருக்கும்ணா."

"ரெண்டு வருஷமா என் ஆளுங்கள உள்ள அனுப்பிகினு கீறேன்."

"ஒரு நாளு சேத்து வுட்டுத்தான் பிரிப்பேன்" என்றார் நைனா. "எப்பவும். மருந்துக்கு அஞ்சு நாளுன்னா ஆறு நாளு. அத்துக்குத்தான் காண்ட்ராக்டர்கிட்ட திட்டு வாங்குவேன்."

"அவசரக் கப்பல் வந்துச்சே, போன புதன்கிழம. அன்னிக்கி?"

நைனா குனிந்து பாவாடைத் துணியைப் பெட்டிமேல் இழுத்து மூடினார். அந்தப் புதன்கிழமை எனக்கு ஐந்தாம் தாள். மழை, பாம்பு தண்ணீர் குடித்த நாள்.

மேஸ்திரி மாமா பொரி வாங்காமல் போனார். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அது அதிர்ஷ்டம், வேறெதுவும் இல்லை. அரிசித் தண்ணீரை நான் அன்றன்று மாற்றியிருந்தால் அவர் குனிந்து எழுந்து போயிருப்பார், நைனாவும் மறுநாள் பாயைப் பிரிக்கப் போயிருப்பார். மறதிக்காக நான் வருத்தப்படாத ஒரே சமயம் அதுதான்.

மாதா அடுத்த நாள்தான் பக்கத்துத் தெருவுக்குப் போவார். ஜெபம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் நைனா பாம்புப் பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். வாளியும் பினாயில் பாட்டிலும் சுவரோரம் இருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இங்க வா. தலைய உள்ள வுடு. எப்டி நாறுது, சொல்லு."

கொசுவலைக் கம்பியைத் தூக்கித் தலையை நுழைத்தேன். பாம்பு சாக்கு மடிப்புக்குள் வீங்கின வயிற்றோடு கிடந்தது. நாக்கை ஒரு தரம் நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஈரச் சாக்கு நைனா. அப்பறம் எலிப் பொந்து மாதிரி. மழத் தண்ணி நின்ன மண்ணு மாதிரி. கலீஜ்தான்."

"பினாயிலு?"

"ஓரத்துல. கொஞ்சூண்டு."

ரேடியோவில் செய்தி கேட்கிறவர் மாதிரி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அதுவும் போவட்டும். சாக்க எடுக்காத" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பாம்பு எத்தனை நாள் எங்களோடு இருந்தது, எப்போது போனது என்பதற்கு என்னிடம் தாள் இல்லை. பொங்கல்வரை இருந்தது என்று ஒரு ஞாபகம், உறுதியில்லை. மறுநாள் வியாழக்கிழமைத் தாளும் போய்விட்டது. ஆனால் அது தாள் இல்லாமலே இருக்கிறது. காலையில் நைனாவும் மேஸ்திரி மாமாவும் சைக்கிளில் ஒன்றாகக் கிளம்பினார்கள், பேச்சில்லாமல். சாயங்காலம் நைனா வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் சட்டையைக் கழற்றினார். எப்போதும் ஆணியில் மாட்டுகிறவர், என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாரு. இன்னா வாடை?"

முகத்தைப் புதைத்து மோந்தேன். பூண்டு இல்லை. மருந்து இல்லை. கிடங்கின் மறுகோடியில் கிழிந்த மூட்டைகளைத் தைக்கிற இடத்து வாடை. அன்று அவர் பாயைப் பிரிக்கப் போகவில்லை.

"சணல் நைனா. சணலு மட்டும்தான்."

சரி என்று தலையாட்டினார். கை கால் கழுவிக்கொண்டு பாம்பைப் பார்க்கப் போனார்.